ரங்கூன் பெட்டியில் ஒரு மயில் கொடி

தேவகோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டில், ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டிக்குள், தோகை விரித்த மயில் பொறித்த கருநீலக் கொடி ஒன்று கிடைத்தது. முருகன் கொடி என்கிறார் ஆயா. துவைத்துத் தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரையில் எடுத்துச் செல்லலாமா?"

நீங்கள் அனுப்பிய படத்தில் மயிலுக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது இடப்பக்க மேல்மூலை. அங்கே மங்கிக் கிடக்கும் சிவப்பும் வெள்ளையுமான குறுக்குப் பட்டைகள் பிரிட்டனின் யூனியன் ஜாக். ஆகவே இது 1939 முதல் பிரிட்டிஷ் பர்மாவில் பறந்த கொடி. பழனிக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்.

ஆயா சொன்னதை விளையாட்டாகத் தள்ளிவிட முடியாது. சேவற்கொடியே முருகனுக்கு உரியது என்று நாம் பழகியிருந்தாலும், புறநானூற்றின் 56ஆம் பாடல் அவரை 'மணிமயில் உயரிய மாறா வென்றி' உடையவராக, மயிற்கொடியோடுதான் காட்டுகிறது. குன்றக்குடி மலைக்கும் மயில்மலை என்றே பெயர்.

பர்மிய மயிலின் பொருள் வேறு. 1752 முதல் 1885 வரை ஆண்ட கோன்பவுங் மன்னர்கள் தம்மைச் சூரிய குலத்தவராகக் கருதினார்கள். அவர்களது மரபில் மயில் சூரியனையும், முயல் சந்திரனையும் குறிக்கும். அதனால்தான் அவர்களது வெள்ளைக் கொடியில், செந்நிற வட்டத்துக்குள் மயில் நின்றது. மிண்டோன் மன்னரின் வெள்ளி நாணயங்களிலும் அதே மயில் உண்டு. (பெட்டியில் அப்படி ஒன்று அகப்பட்டால் தட்டாரிடம் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள்.) 1885இல் தீபோ மன்னரை நாடு கடத்திய ஆங்கிலேயர், 1937 ஏப்ரல் 1 அன்று பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்த பிறகு, தாம் வீழ்த்திய அரசகுலத்தின் மயிலையே எடுத்துத் தங்கள் நீலக் கொடியில் பதித்துக்கொண்டது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மயில் நிற்கும் கோலத்தையும் கவனியுங்கள். உங்களுடையது தோகை விரித்த அரச மயில். தோகையைப் பின்னால் நீட்டிப் பாயத் தயாராக நிற்பது போர் மயில். ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கம் அதைத் தன் அடையாளமாகக் கொண்டது, பின்னாளில் ஆங் சான் சூச்சியின் கட்சிக் கொடியிலும் அது ஏறியது. 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்ற பர்மாவின் கொடியிலோ மயிலே இல்லை, விண்மீன்கள்தாம்.

துவைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பழைய நீலச் சாயம் ஒரே நனைப்பில் வெள்ளைப் பட்டைகளுக்குள் இறங்கிவிடும். இஸ்திரியும் போட வேண்டாம். நிழலில் விரித்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, கஞ்சி போகப் பலமுறை அலசிக் காய்ந்த பழைய வேட்டியை மேலே பரப்பி, மடிக்காமல் குழலில் சுருட்டி வையுங்கள். மடிப்பில்தான் துணி முதலில் இற்றுப்போகும். அந்துருண்டை துணியில் படக்கூடாது. துருவேறிய அந்தத் தகரப் பெட்டிக்குள் மீண்டும் வைக்கவும் கூடாது.

கயிறு கோக்கும் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தயாரித்தவரின் முத்திரையோ அளவுக் குறியோ பதிந்திருக்கலாம். அதே பெட்டியில் இருக்கும் பேரேடுகளையும் கடிதங்களையும் கொடியிலிருந்து பிரிக்காதீர்கள். ஐயா கடைசியாக ரங்கூனிலிருந்து திரும்பிய ஆண்டு அவற்றில் இருந்தால், இக்கொடி 1942இல் ஜப்பானியர் நுழைவதற்கு முந்தியதா, 1945இல் ஆங்கிலேயர் திரும்பியபின் வந்ததா என்று சொல்லிவிடலாம்.