சின்ன அறக்கட்டளையின் நிதி நிலைமை நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் புதிதாகப் பொருளாளர் ஆகியிருப்பீர்கள், பாஸ்புக்கைப் பார்த்து மனசு நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அந்த இருப்பை நம்பாதீர்கள்.

ஏற்காடு மலைக் கிராமங்களில் மாலைப் படிப்பகம் நடத்தும் ஒரு அறக்கட்டளைக்கு ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். 2017 மார்ச் கடைசியில் கணக்கில் 11.5 லட்சம் இருந்தது. கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அதில் 10 லட்சம், கட்டடத்துக்கென்று ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து (சிஎஸ்ஆர்) கொடுத்த பணம். செலவுச் சான்று கொடுத்தாக வேண்டும், வேறெதற்கும் தொட முடியாது. மீதி ஒன்றரை லட்சம். மாதச் செலவோ 30 ஆயிரம். ஆகஸ்டோடு தீர்ந்தது.

செப்டம்பர் சம்பள வவுச்சர்களை எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப்கூட ஒட்டிவிட்டேன். கையெழுத்து இல்லாமல் அவை ஃபைலிலேயே கிடந்தன. நாகலூர் பக்கத்து டீச்சர் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. "காபிப் பழம் பறிக்க ஆரம்பிச்சா நான் எஸ்டேட்டுக்குப் போயிடுவேண்ணா, பிள்ளைங்களை யாரு பார்க்கறது?" என்று மட்டும் கேட்டார். நவம்பரில் போய்விட்டார். அந்த ஊர்ப் படிப்பகம் அடுத்த ஜூன் வரை பூட்டித்தான் கிடந்தது.

கட்டடப் பணத்திலிருந்து கைமாற்றாக எடுத்திருக்கலாமே என்று இப்போதும் சிலர் சொல்வார்கள். நான் செய்யவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அதற்கப்புறம் மாதாமாதம் ஒரே கணக்குதான் பார்த்தேன்: நிபந்தனை இல்லாத பணம் எவ்வளவு, அது எத்தனை மாதம் தாங்கும். ஆறு மாதத்துக்குக் கீழே போனால் உடனே கூட்டம் போடச் சொல்வேன். மார்ச் இருப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 80ஜி-க்காக, அதாவது நன்கொடைக்குக் கிடைக்கும் வருமான வரிக் கழிவுக்காகக் கொடுப்பவர்கள், நிதியாண்டு முடியும் அப்போதுதான் கொடுப்பார்கள். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்தக் கழிவும் கிடையாது. அதனால் ஐந்தாறு வருடத்து ஜூலை, ஆகஸ்ட் இருப்புகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

தொண்டு நிறுவனம் பணம் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வருமானத்தில் 15 சதவீதம் வரை வைத்துக்கொள்ள வருமான வரிச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து காரில் கேக்கோடு வந்து, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுக்காதீர்கள். பனியில் ஸ்வெட்டர்கூட இல்லாமல், உங்கள் கேமரா சரியாகும்வரை அவர்கள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.