தொகுப்பு வீட்டுத் தளம் ஒழுகுகிறது, பெண்கள் நாங்களே சரிசெய்யலாமா?

கேள்வி: திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் சுயஉதவிக் குழு நடத்துகிறோம், பன்னிரண்டு பேர். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டியின் பழைய தொகுப்பு வீடு மழைக்கு ஒழுகுகிறது. கூலி வாங்காமல் நாங்களே சரிசெய்து கொடுக்க ஆசை. நான்கு பேர் சித்தாள் வேலைக்குப் போனவர்கள், ஆனால் பூசும் கரண்டி பிடித்ததில்லை. எதில் கை வைக்கலாம்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். நான்கு சித்தாள் இருக்கும் குழுவுக்கு வேலை தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். கலவை தளர்ந்திருக்கிறதா என்று மண்வெட்டியில் அள்ளும்போதே அவர்களுக்குத் தெரிந்துவிடும். பத்து வருடம் சட்டி சுமந்தாலும் பெண் கையில் யாரும் கரண்டியைக் கொடுப்பதில்லை, அதுதான் குறை. அமெரிக்காவின் சார்லட் நகரில் 1991-லேயே பெண் தன்னார்வலர்கள் சேர்ந்து ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். நீங்கள் கேட்பது வெறும் பழுதுபார்ப்பு.

ஆனால் மேலே ஏறுவதற்கு முன் வீட்டுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். ஒரு கம்பால் உள்கூரையை அங்கங்கே தட்டுங்கள், தலைக்கு நேராக மட்டும் வேண்டாம், தள்ளி நின்று. கெட்டியான இடம் கிண்ணென்று கேட்கும், விட்டுப்போன இடம் டொப்பென்று கேட்கும். காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ தளம் நடுவில் தொய்ந்திருந்தாலோ அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துரு ஏறிய கம்பி உப்பி, சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளிவிடும். அதன்மேல் பூசினால் பூச்சு பாட்டி தலையில்தான் விழும். அதைப் பொறியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பழைய அரசு வீடுகளைப் பழுதுபார்க்கத் திட்டம் இருக்கிறது, ஒன்றிய அலுவலகத்தில் பாட்டியின் வீடு அதில் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சுவர் ஈரமாக இருந்தால் மெயினை அணைக்காமல் எதையும் தொடாதீர்கள்.

கம்பி நன்றாக இருக்கிறதா, சரி, மொட்டை மாடிக்குப் போகலாம். பாதி ஒழுகல் அங்கே தண்ணீர் போகும் வாயில் அடைத்திருக்கும் சருகால்தான் வருகிறது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைத்திருக்கும், இலையைக் கிள்ளினால் பத்து நாளில் திரும்ப வரும், உளியால் கொத்தி வேரோடு எடுக்க வேண்டும். விரிசலையும் அப்படியே மேலோட்டமாக மூடக்கூடாது. அரை அங்குலம் வாய் விரித்துக் கொத்தி, பிரஷ்ஷால் தூசியைத் தள்ளி, தண்ணீர் காட்டி, சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) தடவி, அப்புறம் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையை அழுத்தி அடையுங்கள். கூலிக்கு வருபவர் அவசரத்தில் இந்தத் தூசி தட்டும் வேலையைத்தான் விட்டுவிடுவார், நீங்கள் பன்னிரண்டு பேர் இருப்பதன் பலனே இங்கேதான். தளமும் சுவரும் சேரும் மூலையை வளைவாகப் பூசுங்கள், அங்கே தண்ணீர் தங்கக்கூடாது. கலவையை அரை மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் குழையுங்கள். இறுகியதில் தண்ணீர் ஊற்றிக் கிளறுவது வேண்டவே வேண்டாம்.

பூசிய பிறகு ஏழு நாள் ஈரம் காயக்கூடாது. பழைய சாக்கை நனைத்துப் போட்டு, காலை மாலை யார் தண்ணீர் ஊற்றுவது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறை கட்டாயம். சிமென்ட் விரல் இடுக்கை அரித்துவிடும், எரியத் தொடங்கும்போது ஏற்கெனவே புண்ணாகியிருக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும், அதனால் ஆவணியிலேயே தொடங்குங்கள். முதல் இரண்டு நாளுக்கு நல்ல கொத்தனார் ஒருவரைக் கூலி கொடுத்து அழையுங்கள், ஆனால் அவர் பூச நீங்கள் சட்டி தூக்குவது என்று ஆகிவிட வேண்டாம். அவர் பக்கத்தில் நின்று சொல்லட்டும், நீங்கள் பூசுங்கள்.