பழைய சி.டி. பிளேயரில் ஃபிளாக் பாடல்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் தந்தையார் 1998-இல் வாங்கிய சி.டி. பிளேயரும் ஆம்ப்ளிஃபையரும் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. அவர் காலத்துக் குறுந்தகடுகள் ஒழுங்காகப் பாடுகின்றன. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், விலைகொடுத்து வாங்கிய கர்நாடக இசைக் கச்சேரிகளை ஃபிளாக் எனப்படும் சுருக்கிய ஒலிக்கோப்புகளாகப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். அவற்றைக் கடையில் கொடுத்துக் குறுந்தகட்டில் ஏற்றி வாங்கினேன். பிளேயரில் போட்டால் சிறிது நேரம் சுழன்றுவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது. பிளேயரை மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: மாற்ற வேண்டாம். பழைய தகடுகள் ஒழுங்காகப் பாடுகின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதே உங்கள் பிளேயரில் குறையில்லை என்பதற்குப் போதுமான சான்று. கடைக்காரர் கோப்புகளைக் கோப்புகளாகவே தகட்டில் நகலெடுத்துத் தந்திருக்கிறார் என்று தெரிகிறது. கணினிக்கு அது புரியும். உங்கள் பிளேயருக்குப் புரியாது. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1980-இல் வகுத்த விதிமுறைப்படி, இசைக் குறுந்தகட்டில் கோப்பு என்ற ஒன்றே கிடையாது. உள்விளிம்பில் எந்தப் பாடல் எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்ற பொருளடக்கம் இருக்கும். அதற்குப் பிறகு வெளிவிளிம்பை நோக்கிச் சுருளாக ஓடும் எண்கள் மட்டுமே. இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் தனித்தனியே வினாடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில் எடுத்த எண்கள் அவை. அவற்றை வரிசையாகப் படித்து ஒலியாக்குவதற்கென்றே உங்கள் பிளேயர் செய்யப்பட்டது. சுருக்கிக் கட்டிய ஃபிளாக் மூட்டையை அவிழ்க்கும் வேலை அதற்குரியதன்று.

அந்த வேலையைக் கணினியில் நாம் முடித்துக் கொடுத்துவிட்டால் போதும். 2001-இல் முதல் முழுப் பதிப்பு வெளிவந்த ஃபிளாக், ஒலியைப் பெரும்பாலும் பாதி அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான அளவுக்குச் சுருக்குகிறது. ஆனாலும் ஓர் எண்ணைக்கூட விட்டுவிடுவதில்லை. தர்மபுரிப் பக்கம் புளியை அழுத்தி மூட்டை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இடம்தான் சுருங்குமே தவிர, அவிழ்த்து எடை போட்டால் குறையாது. அதுபோலவே குறுந்தகட்டின் தரத்தில் உள்ள ஒரு ஃபிளாக் கோப்பை அவிழ்த்து இசைக் குறுந்தகடாக எழுதினால், பாடகரின் நிறுவனம் அச்சிட்டு விற்கும் தகட்டில் என்ன இருக்குமோ அதுவே உங்கள் தகட்டிலும் இருக்கும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: கோப்புதான் உயர்ந்தது, குறுந்தகடு பழசு என்ற எண்ணத்தில் நல்ல பிளேயர்களை எடைக்குப் போடுகிறார்கள். அதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தகடு எழுதும் மென்பொருளில் 'டேட்டா சி.டி.', 'ஆடியோ சி.டி.' என்ற இரண்டு தெரிவுகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். லினக்ஸில் கே3பி போன்ற மென்பொருள்கள் ஃபிளாக்கைத் தாமே அவிழ்த்து எழுதிவிடும். அவ்வசதி இல்லாதவற்றில் முதலில் சுருக்காத ஒலிக்கோப்பான வேவ் கோப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். தகடு, ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சி.டி.-ஆர் ஆக இருக்கட்டும். அழித்து எழுதும் சி.டி.-ஆர்டபிள்யூ தகடு, அச்சுத் தகடு திருப்பி அனுப்பும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே திருப்பி அனுப்புவதால், அந்தக் காலத்துப் பிளேயர்கள் பலவற்றின் லென்ஸுக்கு அது கண்ணில் படாது.

இன்னொன்று, கச்சேரி கேட்பவர்களுக்கு மிகவும் முக்கியமானது. 'டிஸ்க் அட் ஒன்ஸ்', அதாவது தகடு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்து, பாடல்களுக்கு இடையிலான இடைவெளியைச் சுழியமாக்க வேண்டும். இதைக் கவனியாமல் நான் முதன்முதலில் எழுதிய தகட்டில், ராகத்தின் கடைசிச் சங்கதி தானத்துக்குள் இறங்கும் இடத்தில் இரண்டு வினாடி ஊமையாகக் கிடந்தது; தம்பூராவும் அறுந்து மீண்டும் ஒட்டியது. ஒன்றிலிருந்து ஒன்றாக இடைவிடாமல் பாடும் ராகம் தானம் பல்லவியில் அந்த இரண்டு வினாடியைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

தகடே எழுதாமல் கேட்க விரும்பினால், கணினியையோ டாக் எனப்படும் ஒலிமாற்றிக் கருவியையோ ஆம்ப்ளிஃபையரின் 'ஆக்ஸ்' துளையில் இணைக்கலாம். சி.டி. பிளேயரின் பின்புறமுள்ள 'டிஜிட்டல் அவுட்' ஒலி வெளியே போகும் வழி. அதில் எதையும் உள்ளே செலுத்த முடியாது. ஆம்ப்ளிஃபையரில் 'ஃபோனோ' என்று எழுதிய துளை இசைத்தட்டுச் சுழலிக்கு மட்டுமே உரியது. அதில் கணினியை இணைத்தால் ஒலி சிதைந்து அலறும்.

கேள்வி: குறுந்தகட்டின் மேல் 700 எம்.பி. என்று அச்சிட்டிருக்கிறது. நான் அதில் எழுத எடுத்துவைத்த ஃபிளாக் பாடல்கள் மொத்தம் 600 எம்.பி.தான். ஆனாலும் இடம் போதாது என்று மென்பொருள் மறுக்கிறது. ஏன்?
– வாசகர், அரூர்

பதில்: இசைக் குறுந்தகட்டுக்கு எம்.பி. கணக்கு உதவாது, நிமிடக் கணக்குதான். அதே தகட்டில் 80 நிமிடம் என்றும் அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். 600 எம்.பி. ஃபிளாக்கை அவிழ்த்தால் அது ஆயிரம் எம்.பி.யைத் தாண்டக்கூடும். அவிழ்ந்த ஒலிக்கு வினாடிக்கு 1,76,400 பைட் தேவை. 80 நிமிடத்துக்கு ஏறத்தாழ 847 எம்.பி. ஆகிறது. 700 எம்.பி. தகட்டில் அவ்வளவு எப்படி அடங்கும் என்று அடுத்த கேள்வி எழும். தகட்டின் ஒவ்வொரு பிரிவிலும் 2,352 பைட் இடம் உண்டு. கோப்புகளை எழுதும்போது அதில் 2,048 பைட்டை மட்டும் கோப்புக்குத் தந்து, மீதியில் பெரும்பகுதியைப் பிழை திருத்தும் குறிப்புகளுக்கு ஒதுக்குகிறார்கள், ஏனெனில் ஒரு கணக்கேட்டில் ஓர் எழுத்து மாறினாலும் அது பிழை. இசையில் கீறலால் ஓர் எண் படிக்க முடியாமற்போனால், அக்கம்பக்கத்து எண்களைக் கொண்டு பிளேயர் இட்டு நிரப்பிவிடும். அதனால் முழு இடமும் இசைக்கே கிடைக்கிறது.

கேள்வி: என்னிடமுள்ள எம்பி3 பாடல்களை ஃபிளாக்காக மாற்றித் தகட்டில் எழுதினால் தரம் கூடுமா? நண்பர் கொடுத்த ஃபிளாக் பாடல்கள் உண்மையானவைதாமா என்று எப்படி அறிவது?
– வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. எம்பி3 ஆக்கும்போது கழித்துவிட்டதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கோப்பின் அளவு மட்டும் பெருகும்.

இரண்டாவது கேள்விக்கு, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பாடலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைப் பாருங்கள். கீழே தாழ்ந்த ஒலிகளும் மேலே உயர்ந்த ஒலிகளும் வண்ணப் பரப்பாகத் தெரியும். வினாடிக்கு 128 கிலோபிட் அளவுக்குச் சுருக்கிய எம்பி3-இலிருந்து மாற்றிய போலி என்றால், 16 கிலோஹெர்ட்ஸ் அருகே அளவுகோல் வைத்துக் கத்தரித்ததுபோல் வண்ணம் சட்டென்று நின்றுவிடும். உண்மையான கோப்பில் அது 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் செல்லக்கூடும். ஆனால் அவசரப்பட்டு நண்பரைக் குறை சொல்லிவிடாதீர்கள். 1950-களின் திரைப்பாடல்களில் உயர்ந்த ஒலிகள் அன்றைய பதிவுக் கருவிகளிலேயே குறைவாகத்தான் பதிவாயின. அவை மேலே போகப்போக மெல்லத் தேய்ந்து மறையும். தேய்வது பழமையின் அடையாளம். நேர்கோடாக அறுபடுவதைத்தான் ஐயுற வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவு செய்து ஃபிளாக்காக வைத்திருக்கிறேன். கூத்தில் பாடிய என் பெரியப்பாவுக்கு சி.டி. பிளேயரை மட்டுமே இயக்கத் தெரியும். அவருக்குத் தகடாகக் கொடுக்க முடியுமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: கட்டாயம் கொடுங்கள். உங்கள் பதிவு குறுந்தகட்டின் அளவைவிடப் பெரியது என்பதால், இங்கு அவிழ்ப்பதோடு மாற்றவும் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸை (வினாடிக்கு 48,000 முறை) 44.1 ஆக்குவது, 24 பிட்டை 16 ஆக்குவது ஆகிய இரண்டையும் ஆடாசிட்டியே செய்யும். பிட்டைக் குறைக்கும்போது 'டிதர்' வசதி இயங்கட்டும். அது காதுக்கு எட்டாத அளவு மெல்லிய இரைச்சலைத் தூவி, முகவீணையின் இழைந்து தேயும் ஓசை கடைசியில் கரகரக்காமல் காப்பாற்றுகிறது. குறுந்தகட்டின் 16 பிட், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளி தருவதால், மெதுவாகப் பேசும் வசனமும் மத்தள அடியும் அதற்குள் தாராளமாக அடங்கும்.

கூத்து எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், குறைந்தது ஆறு தகடுகள் வேண்டும். பாட்டின் நடுவில் வெட்டாமல், ஒரு வேடம் உள்ளே போய் அடுத்த வேடம் திரைக்குப் பின் வந்து நிற்கும் இடங்களில் தகடு பிரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் ஏழு தகடுகூட ஆகலாம், ஆகட்டும். ஒவ்வொரு வேடத்தின் வருகையையும் தனித் தடமாகக் குறித்துவிட்டால், பெரியப்பா ரிமோட்டில் எண்ணை அழுத்தித் தம் பாட்டுக்கு நேரே போய்விடலாம்.

தகட்டின் மேல் காகிதம் ஒட்டாமல், அதற்கென விற்கும் பேனாவால் எழுதுங்கள். சி.டி.-ஆர் தகட்டில் ஒலி பதிவது ஒரு சாயப் படலத்தில். வெயில் பட்டால் அது நாளடைவில் வெளுத்துவிடும், எனவே சன்னலோரம் வைக்க வேண்டாமென்று அவரிடம் சொல்லி வையுங்கள். 24 பிட் மூலப் பதிவை இரண்டு வன்தட்டுகளில் வைத்து, அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.