பேய் இருக்கட்டும், வழக்கு என்ன?

கேள்வி: மதுரையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் அண்ணன் மகன், மால்ச்சா மகாலுக்குப் 'பேய் நடை' (பேய் வீடுகளைச் சுற்றிக் காட்டும் சுற்றுலா) போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு மாமி, "வயசுப் பையனை அங்கெல்லாம் அனுப்பாதே, ஏதாவது பிடிச்சுக்கும்" என்கிறார். பூலி பட்டியாரி, கூனி தர்வாசா, அக்ரசேன் பாவ்லி என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலே சுற்றுகிறது. தில்லியின் பழைய வீடுகளில் பேய் உண்டா, இல்லையா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
— கரோல் பாக் வாசகி

பதில்: இல்லை. மழுப்பாத பதில் இதுதான்.

ஆனால் அந்தப் பட்டியல் எனக்கும் வந்தது. படித்ததும் எரிச்சல். பேயை நம்புகிறார்களே என்று அல்ல, பேய்க்கதையை இவ்வளவு சோம்பேறித்தனமாகச் சொல்கிறார்களே என்று!

நம் ஊர்ப் பேயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பழையனூர் நீலி சும்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அலைந்தவளா? கட்டியவன் கொன்றான். அவள் பேயாக வந்து, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபை ஏறி வழக்குப் பேசினாள். எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குப் பிணை நின்றார்கள். அவன் செத்ததும், கொடுத்த வாக்குக்காகத் தீயில் இறங்கினார்கள். திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தரே இதைத் தொட்டுப் பாடியிருக்கிறார். செத்தது யார், கொன்றது யார், எந்த ஊர், பிணை யார் என்று அந்தக் கதையில் எல்லாம் இருக்கிறது. தில்லிப் பட்டியலில் என்ன இருக்கிறது? "இரவில் ஒரு பெண் குரல் கேட்கும்." எந்தப் பெண்? அவளுக்கு என்ன நேர்ந்தது? அதைக் கேட்டால் திகில் போய்விடுமாம்.

மால்ச்சா மகாலையே எடுத்துக்கொள்வோம். 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் காலத்தில் கட்டிய வேட்டை மாளிகை. சர்தார் படேல் மார்க்கை ஒட்டிய ரிட்ஜ் காட்டுக்குள் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இஸ்ரோவின் தரை நிலையம். பேய்க்கதைக்காரர்கள் அதை மட்டும் சொல்வதே இல்லை.

1970-களில் ஒரு பெண்மணி மகன், மகள், வேலைக்காரர்கள், நாய்கள் சகிதம் புது தில்லி ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில் வந்து உட்கார்ந்தார். பெயர் பேகம் விலாயத் மகால். 'நான் அவத் அரச பரம்பரை. 1856-இல் வெள்ளைக்காரன் பிடுங்கிய சொத்துக்கு ஈடு கொடு' என்பது அவருடைய கோரிக்கை. வருஷக்கணக்கில் அசையவில்லை. ஒரு வழியாக 1980-களின் நடுவில் அரசு இந்த மகாலைக் கொடுத்தது. கதவு கிடையாது, மின்சாரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. 'அத்துமீறினால் சுடப்படுவீர்கள்' என்று பலகை மாட்டிவிட்டு அதற்குள் வாழ்ந்தார்கள். 1993-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பிறகு மகள் போனார். 2017-இல் மகனும் தன்னந்தனியாக இறந்தார்.

2019-இல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் எல்லன் பாரி தோண்டிப் பார்த்தபோது அரச பரம்பரைக் கதை பொடிந்து விழுந்தது. அந்த அம்மாள் லக்னோ பல்கலைக்கழகப் பதிவாளர் ஒருவரின் மனைவி. பிரிவினையில் குடும்பத்தோடு பாகிஸ்தான் போனவர், அங்கே மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டவர், பிறகு பிள்ளைகளோடு இந்தியா திரும்பியவர். மூத்த மகன் ஒருவர் இங்கிலாந்தின் பிராட்போர்டிலிருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள்: 'ராணியின் ஆவி உலவுகிறது.' ராணியே இல்லையாம், ராணியின் ஆவி மட்டும் எங்கிருந்து வந்தது? எல்லைக்கோடு போட்டதில் வீட்டையும் புத்தியின் நிதானத்தையும் இழந்த ஒருத்தி, இல்லாத அரண்மனையைக் கேட்டு, கடைசியில் இடிந்த ஒன்றை வாங்கினாள். இதைவிட நடுக்கம் தரும் கதையை எந்தப் பேய் சொல்லும்? 2023-இல் தில்லி சுற்றுலாத் துறை பேய் நடையைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்ததும் இந்த இடத்தைத்தான். அரசே கதவில்லாத வீட்டைக் கொடுத்து, அரசே அதற்கு டிக்கெட்டும் போடுகிறது. நல்ல வியாபாரம்.

இன்னொன்று. மால்ச்சா என்பது ஒரு கிராமத்தின் பெயர். 1911-இல் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். அடுத்து வந்த நிலக் கையகப்படுத்தலில் அந்தக் கிராமமே போயிற்று. மக்கள் அரியானாவின் சோனிபட் பக்கம் போய்க் குடியேறினார்கள். அவர்களுடைய வாரிசுகள் நூறு ஆண்டு கழித்தும் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். சாணக்கியபுரியில் மால்ச்சா மார்க் என்று ஒரு சாலைப் பெயர் மிச்சம். ஒரு ஊரே காணாமல் போன இடத்தில் நின்றுகொண்டு ஒரே ஒரு ஆவியைத் தேடுவானேன்?

கூனி தர்வாசா, அதாவது 'ரத்த வாசல்', விஷயம் வேறு. அங்கே ரத்தம் நிஜம். 1857 செப்டம்பர் 22-இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரின் இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் ஹாட்ஸன் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்த இடத்தில் சுட்டுக் கொன்றான். சரணடைந்தவர்களை! இளவரசர்களின் ஆவி இருப்பதால் வாசலைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் பட்டியல் சொல்லும். உண்மையில் 2002-இல் ஒரு மருத்துவ மாணவி அந்தக் கட்டடத்தின் மேல் பாலியல் வன்முறைக்கு ஆளானார். பூட்டு அதற்குப் பிறகு வந்தது. பூட்ட வைத்தது உயிரோடு இருக்கும் ஆண்கள். இளவரசர்கள் பாவம், அவர்கள் மேல் ஏன் பழி?

அக்ரசேன் பாவ்லிக்கு ஒரு வரி போதும்: கறுப்புத் தண்ணீர் ஆளை இழுக்கும் என்கிறார்கள், அந்தப் படிக்கிணற்றில் பெரும்பாலும் தண்ணீரே கிடையாது.

பேயை ஒழுங்காக நடத்தத் தெரிந்த இடமும் இதே தில்லியில் உண்டு. பிரோஸ் ஷா கோட்லா என்ற இடிந்த கோட்டை. வியாழக்கிழமை போய்ப் பாருங்கள். அங்கே ஜின்கள் (இஸ்லாமிய மரபு சொல்லும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்) இருப்பதாக நம்புகிறவர்கள் பயந்து ஓடுவதில்லை, மனு எழுதுகிறார்கள். பெயர், முகவரி, புகைப்படம், குறை எல்லாம் சேர்த்து, ஜெராக்ஸ் எடுத்து மாடத்துக்கு மாடம் ஒரு பிரதி வைக்கிறார்கள். இந்துவும் வருகிறார், முஸ்லிமும் வருகிறார். 1977 வாக்கில், நெருக்கடி நிலை முடிந்த கையோடுதான் இங்கே கூட்டம் பெருகத் தொடங்கியது என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், கோட்லாவிலிருந்து அதிக தூரமில்லாத துருக்மான் கேட்டில் வீடுகளை புல்டோசர் வைத்து இடித்து, எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடும் நடத்தியிருந்தார்கள். அரசாங்கத்திடம் எழுதி அலுத்தவன் ஜின்னிடம் எழுதுகிறான் என்பது என் கணிப்பு. மனுவின் வடிவத்தைக்கூட மாற்றவில்லை பாருங்கள்.

மாமியின் பயத்தை நான் முழுசாகத் தள்ளமாட்டேன். பூலி பட்டியாரி என்ற பழைய மாளிகை உங்கள் கரோல் பாக்கிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான், ஆனால் அது ரிட்ஜ் காடு. விளக்கில்லாத பாதை, குரங்கு, நாய், குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். பொழுது சாய்ந்தபின் வயசுப் பையனை அங்கே அனுப்ப நானும் யோசிப்பேன். அதற்குப் பிசாசின் சிபாரிசு வேண்டியதில்லை.

பையனைப் பேய் நடைக்கு அனுப்புங்கள், தடுக்காதீர்கள். போகும்போது வழிகாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "அண்ணா, மால்ச்சா கிராமத்துக்காரர்கள் எங்கே போனார்கள்?" ஹிந்தியில் எப்படிக் கேட்பது என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். அவருக்குப் பதில் தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவரைப் பேட்டி கண்டு அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.