வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ள நிறுவனம்: எதில் கையெழுத்துப் போடலாம்?

கேள்வி: தோஹாவில் வேலை பார்க்கிறேன். வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், வாடகை 30,000 ரூபாய். இதுவரை கவனித்துக்கொண்ட மைத்துனர் கோவைக்குக் குடிபோகிறார். ஒரு பராமரிப்பு நிறுவனம் மாத வாடகையில் 8 சதவீதமும், ஒவ்வொரு முறை ஆள் வைக்கும்போதும் ஒரு மாத வாடகையும் கேட்கிறது. வாடகையும் அட்வான்ஸும் அவர்கள் கணக்குக்கு வந்த பிறகுதான் எனக்கு வருமாம். பொது பவர் பத்திரமும் (வீட்டு விஷயத்தில் என் சார்பில் எல்லாம் செய்ய அதிகாரம் தருவது) வேண்டுமாம். சரிப்படுமா?

பதில்: நிறுவனத்தை வையுங்கள். ஆனால் நீட்டிய தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

8 சதவீதம் என்றால் 2,400 ரூபாய்; 18% ஜிஎஸ்டி சேர்த்து 2,832. வருடத்துக்கு 33,984. ஆள் பிடித்துத் தரும் கட்டணம் ஜிஎஸ்டியோடு 35,400. ஒரே குடும்பம் மூன்று வருடம் இருந்தால் சராசரி வருடச் செலவு 45,784, அதாவது ஒன்றரை மாத வாடகை. வருடா வருடம் ஆள் மாறினால் 69,384. வீடு காலியாகக் கிடக்கும் நாட்கள் தனி. குடியிருப்பவர் நிலைத்தால் உங்களுக்கு லாபம், மாறினால் அவர்களுக்கு லாபம். ஆகவே 8 சதவீதத்தில் ஒன்றைக் குறைக்கப் பேரம் பேசுவதைவிட இரண்டு வரிகளை எழுதி வாங்குங்கள்: 11 மாதத்துக்குள் காலி செய்தால் அடுத்த ஆளைக் கட்டணமில்லாமல் வைக்க வேண்டும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கட்டணம் இல்லை.

வாடகையும் அட்வான்ஸும் உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) நேரே வரட்டும். நிறுவனம் மாதாமாதம் பில் அனுப்பட்டும், நீங்கள் கட்டுங்கள். அட்வான்ஸ் அவர்கள் கையில் இருந்தால், காலி செய்யும்போது எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

பொது பவர் வேண்டாம். வாடகை ஒப்பந்தம் போட, அதை வாடகை ஆணையத்தில் பதிய, மின்வாரியத்திலும் மாநகராட்சியிலும் மனு கொடுக்க மட்டும் அதிகாரம் தாருங்கள். விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதுங்கள். தோஹா இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

பலர் வழுக்குவது டிடிஎஸ்ஸில், அதாவது வாடகை கொடுப்பவரே அதிலிருந்து வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவதில். மாதம் 50,000-க்குக் கீழ் பிடித்தம் இல்லை என்ற விதி உள்நாட்டு உரிமையாளருக்குத்தான். நீங்கள் என்ஆர்ஐ என்பதால் குடியிருப்பவர் முதல் ரூபாயிலிருந்தே 31.2% பிடித்துக் கட்ட வேண்டும்: மாதம் 9,360. அதற்கு அவருக்கு டான் எண் (வரி பிடிப்பவருக்கு வருமான வரித்துறை தரும் எண்) வேண்டும், காலாண்டுக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளக்காரர் ஒருவர் இதைக் கேட்டதும் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார். இந்த வேலையை நிறுவனமே செய்து தருமா என்று கேளுங்கள். செய்யாதென்றால் 8% அதிகம்தான். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால், 3.6 லட்சத்தில் 30% நிலையான கழிவு போக 2.52 லட்சம், புதிய வரி முறையின் 4 லட்ச வரம்புக்குள் அடங்கிவிடும். ரிட்டர்ன் போட்டுப் பிடித்த பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது டிடிஎஸ்ஸைக் குறைவாகப் பிடிக்க அனுமதிக்கும் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். நிறுவனக் கட்டணத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. அது அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே அடக்கம்.

அடுத்தது ரிப்பேர். பணம் கசிகிற இடம் இதுதான். 2,000 ரூபாய் வரை கேட்காமல் செய்யலாம், அதற்கு மேல் இரண்டு கொட்டேஷன், பில் உங்கள் பெயரில், வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குள் போய் சிங்க் அடியிலும் பாத்ரூமுக்கு வெளிப்பக்கச் சுவரிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். சாவி கைமாறும் நாளில் இபி மீட்டர் ரீடிங்கின் போட்டோ கட்டாயம். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், பழையவர் ஓட்டிய ஏசிக்குப் புதியவரோ நீங்களோ பணம் கட்டும்படி ஆகிவிடும்.

சொத்து வரியை நீங்களே ஆன்லைனில் கட்டிவிடுங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் 30-ம் தேதிக்குள் கட்டினால் சென்னை மாநகராட்சி 5% ஊக்கத்தொகை தருகிறது.