தொழுவத்துக் கேள்விகள்: செவந்தியை எப்படி அனுப்புவது?

(பதில் சொல்பவர், கொங்குப் பக்கம் முப்பது வருஷம் ஊசிப் பையோடு அலைந்து ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்)

கேள்வி: எங்கள் காங்கேயம் பசுவுக்கு வயது பத்தொன்பது. பிறந்தபோது செக்கச்செவேலென்று இருந்ததால் மாமனார் 'செவந்தி' என்று பேர் வைத்தார். ஆறு மாசத்தில் நிறம் மாறிவிட்டது, பேர் நின்றுவிட்டது. பதினோரு ஈத்து போட்டவள். இப்போது பல் தேய்ந்து கொழுக்கட்டைப் புல்லைக்கூட மென்று துப்புகிறாள். நாலு நாளாக நாலு பேர் தூக்கிவிட்டால்தான் எழுகிறாள். கோவையில் இருக்கும் மகன், "வியாபாரி வந்தால் பிடித்துக் கொடுத்துவிடு" என்கிறான். மனசு வரவில்லை.
- வாசகி, வெள்ளகோவில்

பதில்: அம்மணி, மகன் சொன்னதை முதலில் தள்ளிவிடுவோம். எழ முடியாத மாட்டை வண்டியில் ஏற்றுவது என்றால் கயிறு கட்டி இழுப்பதுதான். 1978-ஆம் வருஷத்துப் போக்குவரத்து விதிப்படி, மாடு பயணம் தாங்கும் என்று மருத்துவர் சான்று தர வேண்டும். செவந்திக்கு எந்த மருத்துவரும் அப்படி எழுதித் தர மாட்டார். அவள் உங்கள் கட்டுத்தரையிலேயே போகட்டும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது படுக்கை. சிமெண்டுத் தரையில் விடாதீர்கள். முழங்கால் ஆழத்துக்கு மணல் கொட்டி மேலே வைக்கோல் பரப்புங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போடுங்கள், ராத்திரியும்தான். தீவனத்தைப் பொடியாக நறுக்கி, தவிட்டோடு பிசைந்து கையால் ஊட்டுங்கள். ஆனால் கடைசி ஆசை என்று பொங்கச்சோறு மட்டும் வேண்டாம். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கல் மறுநாள் எங்களுக்கு ஓயாத வேலை. சோறு வயிற்றில் புளித்து, பாசத்தாலேயே மாடு சாகும்.

வலிக்கு மெலாக்சிகாம் ஊசி போடச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி நீங்களே போட வேண்டாம். 2006-லேயே மாட்டுக்குத் தடை செய்த மருந்து அது. அது ஏறிய மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நம் பக்கத்தில் மிஞ்சியவை மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன, அவையாவது இருக்கட்டும்.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. எதுவரைக்கும் பார்ப்பது? நெஞ்சை ஊன்றி உட்கார்ந்து, அசை போட்டு, உங்கள் குரலுக்குக் காதைத் திருப்புகிற வரைக்கும் பாருங்கள். பக்கவாட்டில் சாய்ந்து, அசை நின்று, காது சில்லிட்டுப் போனால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு போன் போடுங்கள், அல்லது உங்கள் ஊர் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மீளாது என்று அவர் சொன்னால், வலியில்லாமல் அனுப்பும் ஊசியைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். பாவம் என்பீர்கள். எங்கள் வீட்டு எருது காரி விழுந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். வெளிநாட்டிலிருந்த மகன் வந்து முகம் பார்க்கட்டும் என்று பதினோரு நாள் தள்ளினேன். மகன் வந்தான். காரியின் இடுப்பில் படுக்கைப் புண் வைத்து, புழு நெளிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொன்னவன் நான். அந்தப் பதினோரு நாளும் எனக்காகத்தான், காரிக்காக இல்லை.

அந்த நேரத்தில் தலைக்கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். அவள் கன்று வழி வந்தது ஏதாவது தொழுவத்தில் இருந்தால் பக்கத்தில் கட்டுங்கள், மோந்து பார்க்கட்டும். இல்லாவிட்டால் ரெண்டு நாள் கத்திக்கொண்டே தேடும்.

குழி ஆறடிக்குக் குறையக் கூடாது, கிணற்றுக்குத் தள்ளி இருக்க வேண்டும். சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். ஊசி போட்ட உடலை நாய் தோண்டித் தின்றால் நாயும் சாகும். காதில் காப்பீட்டு வில்லை இருந்தால் புதைக்கும் முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். மேலே தென்னம்பிள்ளை வைப்பது நம் வழக்கம். ஆனால் உங்கள் காட்டுக்குத் தண்ணீர் ஏது? வெள்வேலங்கன்று வையுங்கள், அவள் நிழலுக்கு ஒதுங்கிய மரம்தானே.

கேள்வி: குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாயை எட்டு வயது மகன்தான் வளர்த்தான். அடுத்த மாசம் கிடாவெட்டு. இப்போதே அதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். வெட்டிய பிறகு 'ஓடிப்போய்விட்டது' என்று சொல்லிவிடலாமா?
- வாசகர், தாராபுரம்

பதில்: சொல்லலாம். அவன் தேடிக்கொண்டு ரோடு ரோடாகப் போவான், போகலாமா? நேர்ந்த கிடாயைப் பையன் கையில் கொடுத்து, பேர் வைக்கவும் விட்டது நீங்கள். இன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள், அழட்டும். வேறு கிடாய் மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று பூசாரியிடம் கேட்டுப் பாருங்கள். அது கால்நடை மருத்துவன் சொல்லும் விஷயமில்லை. எதுவானாலும் அன்றைக்கு அவன் இலையில் கறி வைத்து 'சாப்பிடு' என்று வற்புறுத்தாதீர்கள். ரசம் சோறு போடுங்கள், போதும்.