பதில்: கிர்பெத் தன்னூர் – 1965 நூலா, 2013 அறிக்கையா?

பண்டைய அரபு மக்களான நபதேயரின் கோயில் கிர்பெத் தன்னூரைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன், நெல்சன் குளூக் எழுதி 1965-இல் வந்த நூல் கையில் இருக்கிறது, அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

ஜோர்தானில் வாதி ஹசா பள்ளத்தாக்குக்கு மேலே குன்றின் உச்சியில் இருக்கும் இந்தக் கோயிலைத் தொல்லியலாளர் குளூக் தோண்டியது 1937-இல். நூல் வர 28 வருடம் ஆயிற்று. நடுவில் 1947 முதல் அவருக்கு ஒரு கல்லூரியின் தலைவர் பொறுப்பு வேறு. அந்த நூலில் சிற்பங்களும் தெய்வங்களும்தான் அதிகம்; பானை, எலும்பு, கருகிய தானியம் எல்லாம் ஓரமாகப் போய்விட்டன. ஆனால் மனிதர் அவற்றைத் தூக்கி எறியவில்லை, அது பெரிய விஷயம். அவருடைய நாட்குறிப்பு, புகைப்படங்களோடு அவையும் ஹார்வர்டில் இருந்தன. தொல்லியலாளர் ஜூடித் மெக்கென்சியின் குழு அவற்றை வைத்துத்தான் 2013-இல் இரண்டு தொகுதிகளாக இறுதி அறிக்கையைக் கொண்டுவந்தது. குளூக் இறந்து 42 வருடம் கழித்து!

அங்கே கிடைத்த ராசிச் சக்கரச் சிற்பத்தைப் பற்றி எழுதுவீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மேஷம் முதல் கன்னி வரை மேலிருந்து இடப்பக்கமாக இறங்கும். துலாம் மறுபடி மேலேயே தொடங்கி வலப்பக்கமாக இறங்கும். வழக்கமான வட்டம் என்று எழுதிவிடாதீர்கள். சிற்பம் இப்போது இரண்டு துண்டாக இருக்கிறது: சக்கரம் அமெரிக்காவின் சின்சினாட்டி அருங்காட்சியகத்தில், அதைத் தாங்கும் இறக்கை தேவதை ஜோர்தானில். படம் போடும்போது எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

கட்டடக் காலகட்டங்களுக்கு 2013 அறிக்கையையே பின்பற்றுங்கள். குளூக் சொன்னதோடு எங்கே முரண்படுகிறதோ, அங்கே ஓர் அடிக்குறிப்பு போட்டால் சரி.